ஆயிரக்கணக்கில் தண்டம் அழ வேண்டாம்! எச்.டி. டி.வி.க்கு எந்த வயர் வாங்கலாம்?

சென்னை:

டி.வி.யை தவணையில் வாங்கியாச்சு. சுவரில் மாட்ட ஆளுக்கும் சொல்லியாச்சு. பில் போடும் கடைசி நேரத்தில் கவுண்டரில் இருப்பவர் மெதுவாக ஒரு பிட்டைப் போடுவார். "சார், 4கே டி.வி. எடுத்திருக்கீங்க. வயரும் அதுக்கு ஏத்த மாதிரி போட்டுக்கங்க. தங்க முலாம் போட்டது. இல்லேன்னா படம் கிளியரா வராது."

ஏற்கனவே 40 ஆயிரம், 50 ஆயிரம் என்று எண்ணி வைத்தவருக்கு இன்னொரு 2 ஆயிரம் பெரிதாகத் தெரியாது. "சரி, சேர்த்துப் போடுங்க" என்று தலையாட்டி விடுவார். டி.வி.யில் லாபம் குறைவு, வயரில் லாபம் அதிகம் என்பது வியாபாரிகளுக்குத் தெரிந்த கணக்கு. வாங்குபவருக்குத்தான் தெரிவதில்லை.

2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்த வரிக் குறைப்பில் மிச்சமாகும் பணத்தை வயரில் விட்டு விட்டால் என்ன பிரயோஜனம்?

உண்மையில் ஒரு சராசரி வீட்டுக்கு சில நூறு ரூபாய் வயரே தாராளம். எது வேணும், எது வேண்டாம், எங்கே மட்டும் காசு பார்க்கக் கூடாது? இதோ முழு விவரம்:-

ரிச்சி தெருவில் கொட்டிக் கிடக்குது

சென்னையில் எலெக்ட்ரானிக் சாமான் என்றாலே அண்ணா சாலை அருகே இருக்கும் ரிச்சி தெருதான். அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்து சந்தாகக் கடைகள். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரெயில் நிலையத்தில் இறங்கினாலும் போகலாம், அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினாலும் போகலாம். நடக்கும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை என்பதால் மற்ற நாட்களில் போவதே உத்தமம்.

இங்கே ஒரே நீளமுள்ள எச்.டி.எம்.ஐ. வயர் ஒரு கடையில் ஒரு விலை, பக்கத்து கடையில் வேறு விலை. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி கறுப்பாக, குண்டாகத்தான் இருக்கும். வித்தியாசம் எங்கே என்று தெரியாமல் போனால் இரண்டு விதமாக ஏமாறலாம். தேவை இல்லாத விலை உயர்ந்த வயரை வாங்குவது ஒன்று. தேவையான இடத்தில் மட்டமான வயரை வாங்குவது இன்னொன்று. இரண்டாவதுதான் ஆபத்து. ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

வந்தால் முழுசா வரும்

பழைய டி.வி. காலத்தில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் இருந்தது அல்லவா? அதில் படம் அலையாகப் போகும். வயர் மட்டமாக இருந்தால் அலை கொஞ்சம் நசுங்கும். படத்தில் நிறம் மங்கும், நிழல் அடிக்கும். நல்ல வயர் போட்டால் படம் கொஞ்சம் தேறும். அந்தக் காலத்தில் விலைக்கு ஏற்ற பலன் ஓரளவு இருந்தது உண்மை.

எச்.டி.எம்.ஐ. அப்படி இல்லை. ஹிட்டாச்சி, பானாசோனிக், பிலிப்ஸ், சோனி, தோஷிபா உள்ளிட்ட 7 நிறுவனங்கள் சேர்ந்து 2002-ம் ஆண்டு டிசம்பரில் கொண்டு வந்த முறை இது. படமும் சத்தமும் ஒரே வயரில் எண்களாகப் போகும். ஒன்று அல்லது பூஜ்யம், அவ்வளவுதான். வயர் அந்த எண்களை ஒழுங்காகக் கொண்டு போய்ச் சேர்த்தால் படம் முழுசாக வரும். 300 ரூபாய் வயர் சேர்த்தாலும் அதே எண்தான், 5 ஆயிரம் ரூபாய் வயர் சேர்த்தாலும் அதே எண்தான்.

எண்கள் வழியில் தொலைந்தால்? படம் 'கொஞ்சம் மங்கலாக' தெரியாது. திரையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி மின்னும். சத்தம் விட்டு விட்டு வரும். திடீரென்று திரை கறுத்து மறுபடி வரும். ரொம்ப மோசம் என்றால் 'நோ சிக்னல்'. ஆகவே, புள்ளி மின்னாமல், திரை கறுக்காமல் படம் ஓடுகிறது என்றால் அந்த வயர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம். அதை மாற்றி விலை கூடிய வயர் போட்டு 'கலர் சூப்பரா இருக்கு' என்று சொல்வது மனப்பிரமை.

வயரில் 4 ரகம்

கடையில் '1.4 வெர்ஷன்', '2.0 வெர்ஷன்', '2.1 வெர்ஷன்' என்று சொல்லி விற்பார்கள். இந்த நம்பர் எல்லாம் டி.வி., பாக்ஸ் போன்ற கருவிகளுக்கு உரியவை. வயருக்கு இப்படி நம்பர் போடக் கூடாது என்பதுதான் எச்.டி.எம்.ஐ. அமைப்பின் விதி. வயரில் பார்க்க வேண்டியது ரகத்தின் பெயரை மட்டுமே.

ஸ்டாண்டர்டு:- பழைய ரகம். 720பி, 1080ஐ படத்துக்கு உத்தரவாதம். புதிதாக இதைத் தேடி வாங்கத் தேவை இல்லை.

ஹை ஸ்பீடு:- வினாடிக்கு 10.2 ஜிகாபிட் போகும். புல் எச்.டி. படத்துக்கு இதில் பாதி கூட தேவைப்படாது. வினாடிக்கு 30 பிரேம் ஓடும் 4கே படமும் இதில் போகும்.

பிரீமியம் ஹை ஸ்பீடு:- 18 ஜிகாபிட். வினாடிக்கு 60 பிரேம் ஓடும் 4கே, எச்.டி.ஆர். படத்துக்கு இது போதும். 2015-ல் இதற்கு சோதனை முத்திரை வந்தது.

அல்ட்ரா ஹை ஸ்பீடு:- 48 ஜிகாபிட். 4கே படத்தை வினாடிக்கு 120 பிரேமில் ஓட்டும் கேம் பிரியர்களுக்கும், 8கே-வுக்கும் உரியது.

இது போக 2025-ல் 96 ஜிகாபிட் கொண்டு போகும் 'அல்ட்ரா 96' என்ற ரகமும் அறிவிக்கப்பட்டுள்ளது. சாதாரண வீடுகளுக்கு அதைப் பற்றிய கவலையே வேண்டாம்.

உங்க வீட்டுக்கு எது?

இனிமேல்தான் விஷயமே. 4கே டி.வி. வாங்கி விட்டால் 4கே வயர் கட்டாயம் என்று நினைக்கிறார்கள். டி.வி. என்ன ரகம் என்பது முக்கியம் அல்ல. அந்த வயர் வழியாக என்ன படம் வரப் போகிறது என்பதே முக்கியம்.

நம்ம ஊர் எச்.டி. சேனல்கள் பெரும்பாலும் 1080ஐ ரகத்தில் வருபவை. டி.டி.எச். எச்.டி. பாக்சாக இருந்தாலும், கேபிள்காரர் கொடுக்கும் எச்.டி. பாக்சாக இருந்தாலும் ஹை ஸ்பீடு ரகமே ஏகப்பட்டது. அதிலும் எச்.டி. பாக்ஸ் வரும் அட்டைப் பெட்டிக்குள் வழக்கமாக ஒரு எச்.டி.எம்.ஐ. வயரும் இருக்கும். கடைக்குக் கிளம்பும் முன் அந்தப் பெட்டியை ஒரு முறை திறந்து பாருங்க. பரணில் தூங்கும் அந்த வயரே போதும்.

ஓ.டி.டி. படத்தை டி.வி.யில் இருக்கும் ஆப் மூலமாகவே பார்க்கிறீர்களா? அதற்கு எச்.டி.எம்.ஐ. வயரே வேண்டாம். படம் வை-பை வழியாக நேராக டி.வி.க்குள் வந்து விடுகிறது. 'நெட்பிளிக்ஸ் பார்க்க நல்ல வயர் வேணும் சார்' என்று யாராவது சொன்னால் சிரித்து விட்டு நகர்ந்து விடலாம்.

4கே ஸ்டிரீமிங் ஸ்டிக், 4கே பாக்ஸ், 4கே புளூ ரே பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு பிரீமியம் ஹை ஸ்பீடு. பிளேஸ்டேஷன் 5 வாங்கியவர்களுக்கு அதன் பெட்டிக்குள்ளேயே அல்ட்ரா ஹை ஸ்பீடு வயர் வருகிறது. தனியாக வாங்க வேண்டியது இல்லை.

கடையில் சொல்லும் கதைகள்

'தங்க முலாம் பூசினா படம் பளிச்'னு இருக்கும்': தங்கம் துருப்பிடிக்காது, அவ்வளவுதான். படத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெசன்ட் நகர், ராயபுரம் போல உப்புக் காற்று அடிக்கும் கடலோரப் பகுதிகளில் பின் கறுக்காமல் இருக்க அது உதவும். ஆனால் விலை குறைந்த வயர்களிலும் அதே முலாம் லேசாகப் பூசித்தான் வருகிறது. அதற்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம்.

'இது 120 ஹெர்ட்ஸ் வயர், இது 240 ஹெர்ட்ஸ் வயர்': வெறும் விளம்பரம். பல டி.வி.க்களில் சொல்லப்படும் 120, 240 எல்லாம் டி.வி.க்கு உள்ளேயே நடக்கும் வேலை. பாக்சில் இருந்து வரும் படம் அந்த வேகத்தில் வருவது இல்லை. நிஜமாகவே 120 பிரேம் அனுப்புவது புதிய கேம் பெட்டியும் கம்ப்யூட்டரும்தான். அதற்கு அல்ட்ரா ஹை ஸ்பீடு என்ற பெயரைப் பார்த்து வாங்கினால் போதும்.

'3டி-க்கு தனி வயர், எச்.டி.ஆர்.-க்கு தனி வயர்': கிடையாது. வேகம் எத்தனை ஜிகாபிட் என்பது மட்டுமே கணக்கு.

'மேலே நைலான் பின்னல் போட்டது': நாய், பூனை, குழந்தை இருக்கும் வீட்டில் சீக்கிரம் கிழியாது. அந்த அளவில் லாபம். படத்துக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

நீளம்தான் வில்லன்

அப்படியானால் எந்த வயரும் ஒன்றுதானா? இல்லை. நீளம் கூடக் கூடத்தான் வயரின் லட்சணம் தெரியும்.

டி.வி.க்குக் கீழே ஸ்டாண்டில் பாக்ஸ் இருந்தால் ஒன்றரை மீட்டர் போதும். அந்த நீளத்தில் பேர் தெரியாத கம்பெனி வயர் கூட பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும். புல் எச்.டி. படம் 5 மீட்டர் வரை சாதாரணமாகப் போகும். அதே 5 மீட்டரில் 60 பிரேம் 4கே அனுப்பினால் மட்டமான வயர் மூச்சு வாங்கும். 48 ஜிகாபிட் ரகத்தில் 3 மீட்டரைத் தாண்டினாலே ஜாக்கிரதையாகத் தேர்வு செய்ய வேண்டும்.

நீளமான வயரில் உள்ளே இருக்கும் கம்பி தடிமனாக இருப்பது நல்லது. வயர் மீது '28 ஏ.டபிள்யூ.ஜி.', '24 ஏ.டபிள்யூ.ஜி.' என்று அச்சடித்து இருப்பார்கள். இதில் நம்பர் குறையக் குறைய கம்பி தடிமன். 24 என்பது 28-ஐ விட தடிமன். நம்பர் பெரிசா இருந்தா வயர் பெரிசு என்று தப்பாக எண்ணிவிடக் கூடாது.

10 மீட்டருக்கு மேல் 4கே போக வேண்டும் என்றால் உள்ளே கண்ணாடி இழை ஓடும் ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. வயர் இருக்கிறது. இதற்கு திசை உண்டு. 'சோர்ஸ்' என்று போட்ட முனை பாக்ஸ் பக்கம், 'டிஸ்பிளே' என்று போட்ட முனை டி.வி. பக்கம். தலைகீழாக மாட்டினால் படம் வராது.

தேவைக்கு மேல் நீளம் வாங்கி சுருட்டிக் கட்டி வைப்பதும் வேண்டாம். காசும் கூடுதல், வேலையும் கூடுதல். வீட்டில் ஒரு சணல் கயிறை வைத்து பாக்சில் இருந்து டி.வி. வரை வளைத்து அளந்து, கூட அரை மீட்டர் சேர்த்து வாங்குவதே சரி.

சுவருக்குள் புதைக்கிறீங்களா? இங்கே மட்டும் கஞ்சத்தனம் கூடாது

விலை குறைந்த வயரால் நிஜமாகவே நஷ்டம் வரும் இடம் ஒன்று உண்டு. அதுதான் சுவர்.

புது வீடு கட்டுபவர்கள், உள் அலங்காரம் செய்பவர்கள் டி.வி. வயரை சுவரில் கொத்திப் புதைத்து மேலே பட்டி பார்த்து பெயிண்டும் அடித்து விடுகிறார்கள். 2 வருஷம் கழித்து வயர் பழுதானாலோ, புது பாக்சுக்கு அந்த வேகம் போதாமல் போனாலோ சுவரை உடைக்க வேண்டும். கொத்தனார் கூலி, பெயிண்ட் கூலி என்று ஆயிரக்கணக்கில் செலவாகும். வயரில் மிச்சம் பிடித்த 300 ரூபாய் எந்த மூலைக்கு?

ஆகவே வயரை வெறுமனே புதைக்காமல் பைப் போட்டு அதற்குள் விட வேண்டும். எச்.டி.எம்.ஐ. பின் பெரிசு. முக்கால் இஞ்ச் பைப்பில் அது வளைவுகளைத் தாண்டிப் போவது கஷ்டம். ஒன்றரை இஞ்ச் பைப், அதிலும் செங்குத்து எல்போ இல்லாமல் நீள வளைவாகப் போடச் சொல்ல வேண்டும். உள்ளே ஒரு நைலான் கயிறையும் விட்டு வைத்தால் நாளைக்கு வேறு வயரைக் கட்டி இழுக்க வசதி. பூசுவதற்கு முன்பு டி.வி.யையும் பாக்சையும் மாட்டி ஓட்டிப் பார்த்து விடுவது புத்திசாலித்தனம். இந்த இடத்துக்கு மட்டும் முத்திரை உள்ள பிரீமியம் அல்லது அல்ட்ரா ரகம் வாங்கலாம். தப்பில்லை.

மஞ்சள் வயரில் மாட்டிய 4கே டி.வி.

'புது டி.வி. வாங்கியும் படம் மங்கலா இருக்கே, வயரை மாத்தணுமா?' பல வீடுகளில் எழும் கேள்வி இது. வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் பழைய எஸ்.டி. பாக்சை மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரில் மாட்டி இருப்பார்கள்.

கணக்கு எளிது. 4கே திரையில் உள்ள புள்ளிகள் 82 லட்சத்து 94 ஆயிரத்து 400. புல் எச்.டி.யில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. எஸ்.டி. படத்திலோ முழுசாக வந்தாலும் சுமார் 4 லட்சம்தான். 4 லட்சம் புள்ளியை 82 லட்சம் இடத்தில் இழுத்துப் பரப்பினால் எப்படி இருக்கும்? மாவு குறைவு, தோசைக்கல் பெரிசு என்ற கதைதான்.

மஞ்சள் வயரில் எச்.டி. படம் போகவே போகாது. ஆகவே இங்கே மாற்ற வேண்டியது வயரை அல்ல, பாக்சை. கேபிள்காரரிடமோ டி.டி.எச். கம்பெனியிடமோ கேட்டு எச்.டி. பாக்சுக்கு மாற வேண்டும். பார்க்கும் சேனலும் எச்.டி. பேக்கில் இருக்க வேண்டும். எச்.டி. பாக்ஸ் வைத்திருந்தும் சாதாரண சேனலைப் பார்த்தால் படம் சுமாராகத்தான் வரும்.

'ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்கும்' குட்டிப் பெட்டி ஒன்று கடையில் விற்கிறது. மஞ்சள் ஜாக் இல்லாத புது டி.வி.யில் பழைய டி.வி.டி. பிளேயரை மாட்ட அது உதவும். படத்தை எச்.டி. ஆக்கி விடும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

மொட்டை மாடி வயர்

வீட்டுக்குள் தங்க முலாம் பார்ப்பவர்கள் மொட்டை மாடியை மறந்து விடுகிறார்கள். மழையிலும் வெயிலிலும் காயும் டிஷ் வயர்தான் அதிகம் தொல்லை கொடுக்கும்.

டிஷ்சில் இருந்து பாக்ஸ் வரை வரும் உருண்டை வயருக்கு ஆர்.ஜி.6 என்று பெயர். இதில் சிக்னல் கீழே வருவதோடு, பாக்சில் இருந்து 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் மேலே டிஷ் முனையில் உள்ள எல்.என்.பி.க்குப் போகிறது. வயர் மட்டமாகவும் நீளமாகவும் இருந்தால் மேலே போகும் மின்சாரம் குறையும். சில சேனல்கள் மட்டும் காணாமல் போகும்.

நடுக்கம்பி முழுசும் செம்பா, அல்லது இரும்பின் மேல் செம்பு பூசியதா என்று பார்க்க ஒரு காந்தம் போதும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. பக்கத்திலேயே டிஷ் என்றால் அது கூட ஓடும். 4 மாடி இறங்கி வர வேண்டிய நீளம் என்றால் செம்புக் கம்பியே நல்லது.

வயர் முனையில் திருகி மாட்டும் பின்னை விட, கருவி வைத்து அழுத்தி மாட்டும் பின் நீடித்து உழைக்கும். மழைத் தண்ணீர் வயருக்குள் இறங்கினால் அவ்வளவுதான். பாக்சுக்குள் போகும் முன் வயரை ஒரு சுற்று தொங்க விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டி விடும். நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டு இன்சுலேஷன் டேப் சுற்றிய வயர் என்றால் மாற்றி விடுங்கள்.

கேபிள் இணைப்பை 2 ரூமுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் போட்டால் சிக்னல் பாதி பாதியாகும். 2, 3 ஸ்பிளிட்டர் அடுத்தடுத்துப் போட்டால் படம் கட்டம் கட்டமாக உடையும். அதற்கு எச்.டி.எம்.ஐ. வயரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

சவுண்டுக்கு என்ன வயர்?

டி.வி. பின்னால் 3 எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருந்தால் அதில் ஒன்றின் பக்கத்தில் 'ஏ.ஆர்.சி.' அல்லது 'இ.ஏ.ஆர்.சி.' என்று எழுதி இருக்கும். சவுண்ட் பாரை அதில்தான் மாட்ட வேண்டும். வேறு ஓட்டையில் மாட்டி விட்டு 'சத்தம் வரலே, வயர் போச்சு' என்று புது வயர் வாங்குபவர்கள் ஏராளம். சாதாரண ஹை ஸ்பீடு வயரே ஏ.ஆர்.சி.க்குப் போதும். இ.ஏ.ஆர்.சி.க்கு 'வித் ஈதர்நெட்' என்று போட்ட ஹை ஸ்பீடு வயரோ, அல்ட்ரா ரகமோ நிச்சயம்.

ஏ.ஆர்.சி. இல்லாத டி.வி. என்றால் சிவப்பு ஒளி தெரியும் ஆப்டிகல் வயர். 5.1 சத்தம் இதில் வரும். முனையில் ஒரு குட்டி பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் குத்தி விட்டு கடைக்குத் திருப்பிக் கொண்டு போகிறவர்களும் உண்டு! இந்த வயரை மடக்கக் கூடாது.

ஹோம் தியேட்டர் ஸ்பீக்கருக்கு 'ஸ்பெஷல் ஆடியோ வயர்' தேவை இல்லை. எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே ஹாலுக்குத் தாராளம். பிளஸ், மைனஸ் மாறாமல் மாட்டினால் போதும்.

லேன் வயர் கை கொடுக்கும்

4கே படம் சுத்திக் கொண்டே நிற்கிறதா? வை-பை பெட்டி 2 சுவர் தள்ளி இருக்கலாம். நெட்பிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது வினாடிக்கு 15 மெகாபிட்தான். ஒரு கேட் 5ஈ லேன் வயர் 100 மீட்டர் வரை 1,000 மெகாபிட் கொண்டு போகும். பல டி.வி.க்களில் லேன் ஓட்டையே 100 மெகாபிட் ரகம்தான். கேட் 7, கேட் 8 என்று விலை கூட்டி விற்பதை வாங்கி டி.வி.யில் மாட்டுவது வீண்.

ஆனால் செம்பு என்று சொல்லி அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரைத் தள்ளி விடுவது உண்டு. பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையாக மின்னினால் அது செம்பு இல்லை.

இடி மின்னல்... உஷார்!

ஐப்பசி, கார்த்திகை மழையில் டி.வி. ரிப்பேர் கடைகளில் கூட்டம் சேரும். பல டி.வி.க்களில் போயிருப்பது எச்.டி.எம்.ஐ. ஓட்டையாகவே இருக்கும். மின்னல் அடிக்கும்போது டிஷ் வயர் அல்லது கேபிள் வயர் வழியாக வரும் மின்சாரம் பாக்சுக்குள் பாய்ந்து, அங்கே இருந்து எச்.டி.எம்.ஐ. வயர் வழியாக டி.வி. போர்டையும் பதம் பார்த்து விடும். எத்தனை ஆயிரம் ரூபாய் வயராக இருந்தாலும் இதைத் தடுக்காது.

பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. பாக்சில் இருக்கும் டிஷ் பின்னையும் கழற்றி விட வேண்டும். ஆனால் இடி தலைக்கு மேல் இடிக்கும்போது போய் வயரைத் தொடுவது ஆபத்து. வானம் கறுக்கும்போதே கழற்றி விடுங்கள்.

சாதாரண நாளிலும் டி.வி., பாக்ஸ் இரண்டின் சுவிட்சையும் அணைத்து விட்டே எச்.டி.எம்.ஐ. வயரை மாட்டணும், கழற்றணும். சுவரோடு ஒட்டிய டி.வி.யில் வயர் செங்குத்தாக மடங்கி நின்றால் ஓட்டை தளர்ந்து போகும். வயர் போனால் சில நூறு, போர்டு போனால் பல ஆயிரம்.

வாங்கும்போது கவனிங்க

* பாக்கெட்டில் ரகத்தின் பெயர் இருக்கிறதா? பிரீமியம், அல்ட்ரா ரகம் என்றால் கியூ.ஆர். கோடு உள்ள முத்திரை ஸ்டிக்கர் ஒட்டி இருக்க வேண்டும். அதற்கான ஆப் மூலம் செல்போனில் ஸ்கேன் செய்தால் அசலா, போலியா என்று தெரிந்து விடும்.

* எம்.ஆர்.பி., தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, புகார் தொலைபேசி எண் இருக்கிறதா? பாக்கெட்டில் வரும் பொருளுக்கு இவை சட்டப்படி கட்டாயம்.

* பில் கேளுங்கள். 'ஓடலேன்னா மாத்தித் தருவீங்களா?' என்று அப்போதே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

* வீட்டில் மாட்டியதும் ஒரு முழு படம் ஓட்டிப் பாருங்கள். புள்ளி, கறுப்புத் திரை, சத்தம் விடுதல் எதுவும் இல்லை என்றால் ஜெயம்.

* 4கே பாக்ஸ் மாட்டியும் எச்.டி.ஆர். வரவில்லையா? டி.வி. செட்டிங்சில் அந்த எச்.டி.எம்.ஐ. ஓட்டைக்கு 'என்ஹான்ஸ்டு' அல்லது 'டீப் கலர்' என்ற மாதிரி ஒரு வசதி அணைந்து கிடக்கலாம். அதைப் போட்ட பிறகும் வராவிட்டால் மட்டுமே வயரைச் சந்தேகப்பட வேண்டும்.

* போலி முத்திரை, எம்.ஆர்.பி.க்கு மேல் விலை போன்ற புகார்களுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் கையில் இருந்தால்தான் புகார் எடுபடும்.

மொத்தக் கணக்கு

எச்.டி. பாக்சுக்கு அதோடு வந்த வயர், சவுண்ட் பாருக்கு ஒரு ஹை ஸ்பீடு வயர், மொட்டை மாடிக்கு நல்ல ஆர்.ஜி.6. பெரும்பாலான வீடுகளுக்கு இந்த மூன்றோடு கதை முடிந்தது. 4கே பாக்ஸ் இருந்தால் கூடுதலாக ஒரு பிரீமியம் வயர்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல ஸ்டெபிலைசரோ, சர்ஜ் புரொடெக்டரோ வாங்கி மாட்டினால் டி.வி.யின் ஆயுளாவது கூடும். தங்கம் வாங்கணும்னு ஆசை இருந்தால் தி.நகர் பக்கம் போகலாம். டி.வி. வயரில் தேட வேண்டாம்!